சீட்டுல காத்து வரல, ஏசி ஏமாத்துது, டிக்கி திறக்கல: பெரிய செடான் பத்தின சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கமுங்க. பெருந்துறையில இருந்து ஒரு நேயர் கேட்டிருக்காருங்க, அப்படியே படிக்கறேன். "ரெண்டு மாசம் முன்னாடி பெரிய செடான் கார் எடுத்தோம், டாப் மாடல். வென்டிலேட்டட் சீட்டுல காத்தே தெரியறதில்ல. ஆட்டோ ஏசி ஒரு நேரம் நடுங்க வைக்குது, ஒரு நேரம் வேர்க்குது. பின்னாடி காலை நீட்டுனா டிக்கி திறக்கும்னாங்க, பத்து தடவைக்கு ரெண்டு தடவைதான் திறக்குது. சர்வீஸ்ல கேட்டா கம்ப்யூட்டர்ல எரர் ஒண்ணும் காட்டலைங்கறாங்க. அப்பாவுக்கு முழங்கால் வலி, பின் சீட்டுல ஏறி எறங்கவே சிரமப்படறாரு. இவ்வளவு காசு போட்டது வீணா?"

வீண் இல்லீங்க. சர்வீஸ்காரங்க சொல்றதும் பொய்யா இருக்காது. பார்ட்டு கெட்டுப் போயிருந்தாத்தான கம்ப்யூட்டர் காட்டும்? எனக்கு மொத சந்தேகம் என்னன்னா, வண்டி டெலிவரி எடுத்த கையோட ஆக்ஸசரீஸ் கடைக்குப் போயிருப்பீங்க. சீட் கவர், டேஷ்போர்டு மேட், பின் பம்பருக்கு ஸ்டீல் கார்டு. இதுல எதெல்லாம் உங்க வண்டியில இருக்குதுன்னு யோசிச்சுக்கிட்டே கேளுங்க.

சீட்டுக்கு வர்றேன். வென்டிலேட்டட் சீட்டுன்னா சீட்டுக்குள்ள தனி ஏசி ஓடுதுன்னு நெறையப் பேரு நெனைக்கறாங்க. பெரும்பாலான வண்டியில அங்க குளிர் உண்டாக்கற சாமானே கிடையாதுங்க. கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள சுத்துமே, அந்த மாதிரி சின்ன ஃபேன் உக்கார்ற இடத்துல ஒண்ணு, முதுகு சாயற இடத்துல ஒண்ணு இருக்கும். கேபின்ல, அதாவது வண்டிக்குள்ள இருக்கற காத்தை, லெதர்ல இருக்கற பொடித் துளை வழியா சில வண்டியில உள்ள இழுக்கும், சில வண்டியில வெளிய தள்ளும். முதுகு வேர்வை காயறதாலதான் நமக்குக் குளுகுளுன்னு இருக்குது. இப்ப அதுக்கு மேல அரை இஞ்ச் ஸ்பாஞ்ச் வெச்ச கவரை மாட்டுனா காத்து எங்கீங்க வரும்? "துளை போட்ட கவருங்க, ஒண்ணும் ஆகாது"ன்னு கடையில சொல்வாங்க. மேல இருக்கற ரெக்ஸின்ல துளை இருக்கும், அடியில ஸ்பாஞ்சுக்கும் துணிக்கும் யாரு துளை போட்டா? அந்தத் துளையும் சீட்டு துளையும் நேருக்கு நேரா வர்றதும் இல்ல.

வீட்டுலயே சோதிச்சுப் பாருங்க. டிஷ்யூ பேப்பர் ரெண்டு அடுக்கா இருக்கும், பிரிச்சு ஒரு அடுக்கை மட்டும் எடுங்க. சீட்டு ஃபேனை மூணுல வெச்சுட்டு பேப்பரை சீட்டு மேல போடுங்க. இழுக்கற வகைன்னா பேப்பர் லெதரோட ஒட்டி நிக்கும், துளைத் துளையா அச்சு தெரியும். தள்ளற வகைன்னா ஓரம் படபடக்கும். கவரோட ஒருக்கா, கழட்டிப்போட்டு ஒருக்கா. கழட்டியும் அசையலைன்னா, சீட்டுக்கு அடியில கேரி பேக், துண்டு, மிதியடி ஏதாச்சும் ஃபேன் வாயை அடைச்சுக் கெடக்குதான்னு குனிஞ்சு பாருங்க. அதுவும் இல்லைன்னா அப்பத்தான் ஃபேன் மேல சந்தேகப்படணும்.

இன்னொண்ணு, இது சௌகரியம் பத்தினது இல்ல, உயிர் பத்தினது. முன் சீட்டு முதுகுல, கதவுப் பக்கம் ஏர்பேக்னு சின்னதா ஒரு துணி லேபிள் தைச்சிருப்பாங்க. அந்த இடத்தை மூடித் தைச்ச கவர் போட்டா, சைடு ஏர்பேக் விரியறதுக்குத் தடங்கல். லெதர் அழுக்காயிரும்னு பயந்தா, தண்ணியில நனைச்சு நல்லாப் பிழிஞ்ச துணி போதும். பாலிஷ் கிரீமை அப்பி விட்டீங்கன்னா அது துளைக்குள்ள போய்க் கெட்டியாயிரும்.

மட்டமத்தியானம் வெயில்ல நின்ன வண்டியில ஏறுன உடனே சீட்டு ஃபேனைப் போடாதீங்க. கேபின் காத்தே அடுப்பாட்ட இருக்கறப்ப அது அனலைத்தான் கொண்டாந்து முதுகுல விடும். நாலு கண்ணாடியும் எறக்கி, ஏசி போட்டு ஒரு நிமிசம் ஓட்டுங்க. சூடு வெளிய போனதும் கண்ணாடியை ஏத்திட்டு, கேபின் குளிர்ந்த பொறவு சீட்டைப் போடுங்க.

அடுத்தது ஏசி. ஆட்டோவுல ஏசி தானா முடிவு பண்ணணும்னா அதுக்குக் கண்ணும் மூக்கும் வேணுமில்லீங்களா? கண்ணு எங்க இருக்குதுன்னா, முன் கண்ணாடிக்குக் கீழ டேஷ்போர்டு மேல சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கருப்புக் குமிழ். வெயில் எவ்வளவு அடிக்குதுன்னு அதுதான் பாக்கும். நம்ம ஆளுங்க அது மேலயே மேட்டை விரிச்சு, சரியா அந்த இடத்துல பிள்ளையாரை வெச்சிருவாங்க. வெயிலே இல்லைன்னு நெனச்சுக்கிட்டு ஏசி காத்தைக் குறைச்சுப்போடும், நீங்க வேர்த்துக் கொட்டுவீங்க. சில வண்டியில ஆட்டோ ஹெட்லைட்டுக்கும் அதே குமிழ்தான். பட்டப்பகல்ல லைட் தானா எரிஞ்சா, குமிழ் மூடிக் கெடக்குதுன்னு அதுவே சாட்சி. பிள்ளையாரை நாலு இஞ்ச் தள்ளி வைங்க, கோவிச்சுக்க மாட்டாரு.

மூக்கு, ஸ்டீரிங் பக்கத்துல இருக்கற சின்ன வரிவரியான ஓட்டை. கேபின் காத்தை அது வழியா இழுத்து உள்ள எத்தனை டிகிரின்னு பாக்கும். பஞ்சுத் தூசி அடைச்சுக்கிச்சுன்னா டேஷ்போர்டுக்கு உள்ள தேங்கி நிக்கற சூட்டைத்தான் அது அளக்கும். கேபின் இன்னும் கொதிக்குதுன்னு நெனச்சு ஏசி விடாம அடிக்கும், அதுதான் உங்களை நடுங்க வைக்கறது. பெயின்ட் பிரஷ்ல தட்டிவிட்டு வேக்குவம் போடுங்க. தண்ணியோ ஸ்பிரேயோ அடிச்சுராதீங்க. ரெண்டையும் சரி பண்ணிட்டு 24ல ஆட்டோ போட்டு விட்டுருங்க. ஃபேன் பட்டனைத் தொட்டா பல வண்டியில ஆட்டோ பாதி கழண்டுக்கும்.

பெருந்துறை, திருப்பூர் பக்கம் பஞ்சு, பொள்ளாச்சி பக்கம் தேங்காய் நார்த் தூசி. அதனால ஏசி காத்துல தூசியை வடிகட்டற கேபின் ஃபில்டரை கம்பெனி சொல்ற கிலோமீட்டர் வரைக்கும் விட்டு வைக்காதீங்க, 5,000 கிலோமீட்டருக்கு ஒருக்கா கழட்டிப் பாருங்க. பெரும்பாலும் குளோவ் பாக்ஸுக்குப் பின்னாடி இருக்கும். அது அடைச்சுக்கிட்டா ஃபேன் சத்தம் பெருசா இருக்கும், காத்து கம்மியா வரும். மொதல்ல அடிபடறது பின் சீட்டு வென்ட்தான், அதுக்குத்தான் குழாய் நீளம். புதுசு போடறப்ப ஃபில்டர் ஓரத்துல அம்புக்குறி இருக்கும், பழசு எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சோ அதே பக்கம். பேப்பர் ஃபில்டரைத் துவைச்சுக் காயப்போடற வேலை வேண்டாங்க.

டிக்கி. பின் பம்பருக்கு உள்பக்கம் பெரும்பாலும் மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு ரெண்டு சென்சார் ஓடும். மேல இருக்கறது கெண்டைக்காலைப் பாக்கும், கீழ இருக்கறது பாதத்தைப் பாக்கும். ரெண்டும் ஒரே நேரத்துல பாத்தாத்தான் பூனை, நாய் இல்ல, ஆளுதான்னு நம்பித் திறக்கும். நெறையப் பேரு காலை இடமும் வலமும் கூட்டற மாதிரி ஆட்டறாங்க. அப்படி இல்லீங்க, பந்தை லேசா எத்தற மாதிரி நேரா உள்ள விட்டு உடனே வெளிய எடுக்கணும், எடுத்துட்டு ஒரு எட்டு பின்னால நில்லுங்க. சாவி உங்க கிட்ட இருக்கணும், முன் சீட்டுல கெடக்கற பையில இருந்தா ஆகாது. இதெல்லாம் சரியாப் பண்ணியும் திறக்கலைன்னா அந்த ஸ்டீல் கார்டைக் கழட்டிப் பாருங்க. கால் வர்றதை உணர்ற சென்சார் முன்னாடி இரும்பைக் கட்டுனா அது குழம்பத்தான் செய்யும். வண்டி கழுவறப்ப சாவியை வீட்டுக்குள்ள வெச்சிருங்க, தண்ணி பீச்சறதைக் காலுன்னு நெனச்சு டிக்கி தானா திறந்துக்கும்.

இப்ப அப்பாவுக்கு. செடான் தாழ்வா இருக்கறது அமைப்பு, அதை மாத்த முடியாது. ஆனா வண்டியைத் திண்ணை, நடைமேடை ஓரமா ஒட்டி நிறுத்தாதீங்க. அவரு மேட்டுல நின்னா சீட்டு இன்னும் பள்ளத்துக்குப் போயிரும், முழங்கால் அதிகமா மடங்கும். சமதரையில நிறுத்துங்க. மொதல்ல காலை உள்ள வைக்கக் கூடாது. சீட்டுக்கு முதுகு காட்டி நின்னு, மேல இருக்கற கைப்பிடியைப் புடிச்சு, உக்காந்துட்டு, ரெண்டு காலையும் சேத்து உள்ள திருப்பணும். எறங்கறப்ப இதையே தலைகீழா.

"பெரியவங்க பின்னாடிதான் உக்காரணும்"னு நம்ம பக்கம் ஒரு மரியாதைக் கணக்கு இருக்குது. முழங்கால் வலிக்காரருக்கு அது தண்டனைங்க. முன்னாடி இடது சீட்டைக் கொடுங்க. அந்தக் கதவு பெருசாத் திறக்கும், காத்து வர்ற சீட்டும் பெரும்பாலும் முன்னாடிதான். சீட்டு உயரத்தை முழுசா மேல ஏத்தி, முடிஞ்ச மட்டும் பின்னால தள்ளி விடுங்க, நெஞ்சுக்கும் டேஷ்போர்டுக்கும் 25 சென்டிமீட்டராவது இருக்கணும். மெமரி பட்டன் இருந்தா அந்த நிலையில செட் பட்டனை அமுக்கி உடனே 1ங்கற பட்டனை அமுக்குங்க. வேற யாராச்சும் உக்காந்து மாத்திட்டாலும், அடுத்த தடவை அவரு ஏறறதுக்கு முன்னாடி அந்த 1ஐ அமுக்குனா சீட்டு பழைய உயரத்துக்கு வந்து நிக்கும்.