முதல் மவுண்டன் பைக்: ஃபிரேமில் இருந்து தொடங்குங்கள்

[காட்சி: சீட்டைத் தாங்கும் குழாய். அதில் நகத்தளவு ஸ்டிக்கர். கேமரா மெல்ல நெருங்குகிறது.]

இந்த சைக்கிளைப் பாருங்கள். பருத்த டயர், முன்னால் ஒரு சஸ்பென்ஷன், பின்னால் ஒரு சஸ்பென்ஷன், 21 கியர், பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் ஒரு பெயர். யாரைக் கேட்டாலும் மவுண்டன் பைக் என்றுதான் சொல்வார்கள். இப்போது சீட்டுக்குக் கீழே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். கரடுமுரடான பாதையில் ஓட்ட வேண்டாம், தாவ வேண்டாம் என்று தயாரித்தவரே எழுதி வைத்திருக்கிறார்.

விலை குறைந்த பல சைக்கிள்களில் இப்படி ஒரு வரி இருக்கும். ஸ்டிக்கர் இல்லையென்றால் கையேட்டில் இருக்கும். ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பின் எஃப்2043 வகைப்பாட்டின்படி, சைக்கிள் எந்த நிலைக்குத் தாங்கும் என்று பல தயாரிப்பாளர்கள் குறிப்பிடுவார்கள். நிலை 2 என்றால் மண் ரோடு, ஜல்லி ரோடு, மிஞ்சிப்போனால் 15 செ.மீ. உயரத்தில் இருந்து இறங்கலாம். நிலை 3 என்றால் கல்லும் வேருமான ஒற்றையடிப் பாதை, 61 செ.மீ. வரை இறங்கலாம். கடையில் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள். நிலை 3-க்குக் கீழே என்றால் அது மவுண்டன் பைக் வேஷம் கட்டிய ரோடு சைக்கிள். தெருவில் சுற்ற நல்லதுதான், மலைக்கு வேண்டாம்.

சரி, நிலை 3 சைக்கிள்கள் நாலைந்து வரிசையாக நிற்கின்றன. எதை எடுப்பது?

[காட்சி: பாகம் பாகமாகக் கழற்றித் தரையில் பரப்பிய சைக்கிள். நடுவில் ஃபிரேம்.]

நான் சொல்லும் வழி இதுதான். பின்னால் மாற்ற முடியாததை முதலில் பாருங்கள், சுலபமாக மாற்றக்கூடியதைக் கடைசியில் பாருங்கள். டயர், பெடல், சீட், கைப்பிடி எல்லாம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். கியரைக்கூட மாற்றலாம். ஃபிரேமை மாற்றினால் அது வேறு சைக்கிள். ஆனால் கடையில் நம் கண் முதலில் போவது கியர் எண்ணிக்கைக்கும் பெயின்டுக்கும்தான். என் முதல் சைக்கிளை நான் அப்படித்தான் வாங்கினேன். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

ஃபிரேமில் முதலாவது அளவு. தயாரிப்பாளரின் இணையதளத்தில் உயரத்துக்கு ஏற்ற அட்டவணை இருக்கும். கடையில் ஸ்டாக் இருக்கிறது என்பதற்காக எல் அளவை எம் அளவுக்காரரிடம் தள்ளிவிடுவது நடக்கும். "சீட்டை இறக்கிக்கொண்டால் சரியாகிவிடும்" என்பார்கள். ஆகாது. சீட்டை இறக்கினால் கால் எட்டும், கை எட்டாது. பெடல் சுற்றும் அச்சில் இருந்து செங்குத்தாக ஒரு கோடு போட்டு, அங்கிருந்து ஹேண்டில் தண்டு நுழையும் குழாயின் உச்சி வரை படுக்கைவாட்டில் அளந்தால் வருவது ரீச். எழுந்து நின்று ஓட்டும்போது உடம்புக்குக் கிடைக்கும் இடம் அதுதான். மலைப்பாதையில் இறக்கம் முழுக்க நின்றுகொண்டேதான் ஓட்டுவோம். அதனால் பெடலில் நின்று, முழங்கையை லேசாக மடக்கிப் பாருங்கள். ஒடுங்கிக்கொண்டு நிற்பது போலவும் இருக்கக் கூடாது, ஹேண்டிலை எட்டிப் பிடித்துத் தொங்குவது போலவும் இருக்கக் கூடாது.

இரண்டாவது, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையான ஃபோர்க் தரையோடு சேரும் சாய்வு. ஹெட் ஆங்கிள் என்பார்கள். ரோடு சைக்கிளில் இது 72, 73 டிகிரி. பழைய மவுண்டன் பைக்குகளில் 70, 71. இப்போது பாதைக்கென்று வரும் ஹார்ட்டெயில்களில், அதாவது முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ளவற்றில், 65 முதல் 67. இரண்டு மூன்று டிகிரியில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். செங்குத்தான இறக்கத்தில் முன்சக்கரம் ஒரு கல்லில் முட்டும்போது தெரியும். எண் குறைந்து ஃபோர்க் அதிகமாகச் சாய்ந்திருந்தால் சக்கரம் உங்களுக்கு நன்றாக முன்னால் இருக்கும், கல்லின் மேல் ஏறிப் போகும். ஃபோர்க் நிமிர்ந்து நின்றால் நீங்கள் ஹேண்டிலுக்கு மேலே போவீர்கள். இந்த எண் கடையில் எங்கும் எழுதியிருக்காது. இணையதளத்தில் ஜியாமெட்ரி என்ற அட்டவணையில் இருக்கும்.

[காட்சி: இரண்டு ஹெட் டியூப் பக்கத்தில் பக்கத்தில். ஒன்று நேராக, மற்றது கீழே பருத்து.]

மூன்றாவது, ஹேண்டில் தண்டு நுழையும் இந்தக் குழாய், ஹெட் டியூப். ஒன்று மேலிருந்து கீழ்வரை ஒரே பருமன். மற்றது கீழே போகப் போகப் பருக்கிறது, இதுதான் டேப்பர்ட். மேலே ஒன்றே கால் அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு, கீழே ஒன்றரை அங்குலம். இன்று வரும் நல்ல ஃபோர்க்குகள் பெரும்பாலும் டேப்பர்ட்டுக்குத்தான். நேர்க்குழாய் ஃபிரேமை வாங்கினால், பிறகு நல்ல ஃபோர்க் போட நினைத்தாலும் கதவு ஏறக்குறைய மூடியாகிவிட்டது.

நான்காவது, சக்கரம் மாட்டும் ஆக்சில். குவிக் ரிலீஸ் என்ற மெல்லிய கம்பியா, த்ரூ ஆக்சில் என்ற தடித்த குழாயா? த்ரூ ஆக்சிலில் முன்பக்கம் 15 மி.மீ., பின்பக்கம் 12 மி.மீ. பருமன் இருக்கும். சக்கரம் ஃபிரேமோடு ஒரே உடம்பு மாதிரி நிற்கும். பின்னால் 12-க்கு 148 (பருமன் 12, அகலம் 148 மி.மீ.) என்று எழுதியிருந்தால் இன்றைய பொது அளவு, மாற்றுச் சக்கரம் சுலபமாகக் கிடைக்கும்.

இந்த நாலும் சரியாக இருந்தால், மற்றதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்.

[காட்சி: பின் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளும் இல்லாத சைக்கிளும்.]

பின்னால் சஸ்பென்ஷன் வேண்டுமா? முதல் சைக்கிளுக்கு என் பதில், வேண்டாம். ஒரே பணத்தில் இரண்டு சைக்கிள் என்றால், பின் ஷாக் உள்ளதில் அந்த ஷாக்குக்கும், அது மடங்கும் இணைப்புகளுக்கும், அங்குள்ள பேரிங்குகளுக்கும் பணம் போயிருக்கும். அதற்காக பிரேக்கிலும் ஃபோர்க்கிலும் கைவைத்திருப்பார்கள். விலை குறைந்ததில் அந்த இணைப்புகள் சில மாதங்களில் ஆட்டம் கொடுக்கும், பின்சக்கரம் பாம்பு மாதிரி நெளியும். பணம் தாராளமாக இருக்கிறது, பாதையும் பாறை பாறையாக இருக்கிறது என்றால் எடுங்கள். மற்றவர்களுக்கு ஹார்ட்டெயில். 1981-ல் வந்த ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் மவுண்டன் பைக்கில் முன்னாலும் சஸ்பென்ஷன் கிடையாது. சஸ்பென்ஷன் தயாரிக்கும் ராக்ஷாக்ஸின் முதல் ஃபோர்க் 1989-ல்தான் வந்தது. அதற்கு முன்பும் ஆட்கள் மலை இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

[காட்சி: இரண்டு கைகள் ஹேண்டிலை அழுத்துகின்றன. ஃபோர்க் அமுங்கி எழுகிறது. மெதுவான ஓட்டத்தில்.]

ஃபோர்க்கைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை உடம்பு எடையோடு அழுத்தி, சட்டென்று விடுங்கள். மலிவான ஸ்பிரிங் ஃபோர்க் என்றால் துள்ளி எழுந்து "டக்" என்று மேலே இடிக்கும். அதைக் கட்டுப்படுத்த உள்ளே எண்ணெய்ச் சுற்று இல்லை என்று அர்த்தம். வேர்கள் நிறைந்த இடத்தில் அது உங்களை உதைத்துத் தள்ளும். நல்லது அமுங்கிவிட்டு நிதானமாக எழும். எழும் வேகத்தை மாற்ற ஃபோர்க்கின் கால் ஒன்றின் அடியில் ஒரு திருகு இருக்கும், பெரும்பாலும் சிவப்பு நிறத்தில். ரீபவுண்ட் என்பது அதுதான்.

அப்புறம், உள்ளே இரும்பு ஸ்பிரிங்கா, காற்றா? காற்று என்றால் உங்கள் எடைக்கு ஏற்ப அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஓட்டும் உடையோடு ஏறி நின்றால் ஃபோர்க் தன் பயணத்தில், அதாவது அமுங்கக்கூடிய மொத்தத் தூரத்தில், 20 முதல் 25 சதவீதம் அமுங்க வேண்டும். 120 மி.மீ. ஃபோர்க் என்றால் 24 முதல் 30 மி.மீ. ஃபோர்க்கின் காலில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதைக் கீழே தள்ளிவிட்டு ஏறி இறங்கினால் எவ்வளவு அமுங்கியது என்று காட்டிக்கொடுத்துவிடும். 50 கிலோ ஆளும் 90 கிலோ ஆளும் ஒரே இரும்பு ஸ்பிரிங்கில் சவாரி செய்தால் ஒருவருக்காவது அது பொருந்தாது. ஆரம்பத்துக்கு 100 முதல் 130 மி.மீ. பயணம் போதும். 160, 170 எல்லாம் வேறு விளையாட்டு.

[காட்சி: பழைய பருத்த சைக்கிளின் பின் ஹப். வரைபடம். அதில் இருந்து புகை.]

பிரேக்குக்கு வருவோம். இந்த விளையாட்டின் தொடக்கக் கதையே பிரேக் கதைதான். 1976-ல் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை எடுத்துக்கொண்டு மலையில் இருந்து இறங்கும் பந்தயம் நடத்தினார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக், சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்புக்குள்ளேயே இருக்கும். ஒரு இறக்கம் முடிவதற்குள் அது சூடாகி உள்ளே இருந்த கிரீஸ் புகைந்து போய்விடும். ஒவ்வொரு முறையும் ஹப்பைப் பிரித்து மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். ஆங்கிலத்தில் ரீபேக். பந்தயத்துக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஜோ பிரீஸ் 1977-ல் மலைக்கென்றே ஒரு ஃபிரேம் செய்தார்.

இன்று நமக்கு ஹைட்ராலிக் டிஸ்க், அதாவது திரவ அழுத்தத்தில் இயங்கும் டிஸ்க் பிரேக், இருக்கிறது. ஒற்றை விரல் போதும். கேபிளில் இயங்கும் டிஸ்க் மோசமில்லை, ஆனால் நீண்ட இறக்கத்தில் நான்கு விரலாலும் இறுக்கிப் பிடித்து, கீழே வந்து சேரும்போது கை நடுங்கும். பேட் தேயத் தேய கேபிளைத் திருகிக்கொண்டே இருக்கவும் வேண்டும். ஹைட்ராலிக் அதைத் தானே சரிசெய்துகொள்ளும். ஒன்று கவனியுங்கள்: சிலவற்றுக்கு மினரல் ஆயில், சிலவற்றுக்கு டாட் பிரேக் திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் சீல்கள் கெட்டுவிடும்.

[காட்சி: வளைந்த பின் ஆக்சில். மேஜையில் உருட்டும்போது தத்தித் தத்திப் போகிறது.]

இப்போது அந்தக் கதை. இது என் முதல் சைக்கிளின் ஆக்சில். 21 கியர் என்ற எழுத்தைப் பார்த்து வாங்கியது. மூன்றாவது மாதம் சக்கரம் ஆடியது. கோட்டம் என்று நினைத்து ஸ்போக்கைத் திருகித் திருகிப் பார்த்தேன், சரியாகவில்லை. பிரித்தால் ஆக்சில் வளைந்திருந்தது. காரணம் ஃப்ரீவீல். அந்த அமைப்பில் பற்சக்கரங்களின் கொத்து ஹப்புக்கு வெளியே திருகப்பட்டிருக்கும். வலதுபக்க பேரிங் உள்ளே தள்ளி இருக்கும். அங்கிருந்து ஃபிரேம் வரை ஆக்சில் தாங்குவதற்கு ஆளில்லாமல் நீண்டிருக்கும். ஒவ்வொரு குழியிலும் அது வளையப் பார்க்கும். கேசட் அமைப்பில் பேரிங் ஃபிரேமை ஒட்டியே வந்துவிடும். பின்னால் 7 பல்லடுக்கு என்றால் பெரும்பாலும் ஃப்ரீவீல், 9-ம் அதற்கு மேலும் என்றால் பெரும்பாலும் கேசட். கடையில் "ஃப்ரீவீலா, கேசட்டா" என்று கேளுங்கள். கடைக்காரர் உங்களைப் பார்க்கும் பார்வையே மாறும்.

அந்த 21 கியரில் ஏற்றமாவது ஏறியதா? கணக்குப் போடுவோம். முன்னால் சின்னது 24 பல், பின்னால் பெரியது 28 பல். பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் 0.86 சுற்று. இப்போது முன்னால் ஒரே ஒரு பற்சக்கரம், 30 பல். பின்னால் 10 அடுக்கு, பெரியது 48 பல். பெடல் ஒரு சுற்றுக்கு 0.63 சுற்று. மொத்தம் பத்தே கியர், ஆனால் ஏற்றத்தில் காலுக்கு எவ்வளவோ லேசு. 21-ல் பல கியர்கள் ஏறக்குறைய ஒன்றையொன்று நகலெடுத்தவை. முன்னால் ஒன்று போதும், செயின் கழலும் வேலையும் குறையும்.

சக்கர அளவைப் பற்றி மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். 29 அங்குலம் தடைகளின் மேல் சுலபமாக உருளும், உயரம் குறைந்தவர்களுக்கு 27.5 வசதி, 26-ஐப் புதிதாக வாங்க வேண்டாம், நல்ல டயரும் ஃபோர்க்கும் கிடைப்பது குறைந்துகொண்டே வருகிறது. அவ்வளவுதான்.

டயரில் அகலம் 2.3 அல்லது 2.4 அங்குலம். பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச அழுத்தத்துக்குக் காற்றடிப்பது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. கல் மாதிரி இறுகிய டயர் மண்ணைப் பிடிக்காது. டியூப் உள்ளதில் 25 முதல் 35 பிஎஸ்ஐக்குள் உங்கள் எடைக்கு எது சரி என்று பாருங்கள். ரொம்பக் குறைத்தால் கல்லில் இடித்து டியூபில் இரட்டை ஓட்டை விழும்.

பட்ஜெட்டை முழுக்க சைக்கிளில் கரைத்துவிடாதீர்கள். ஹெல்மெட், கையுறை, பம்பு, ஒரு மாற்று டியூப், ஆலன் கீ செட் எல்லாம் அதற்குள் வர வேண்டும்.

[காட்சி: பழைய சைக்கிள். செயின் மேல் இரும்பு ஸ்கேல்.]

பழையது வாங்குவதும் நல்ல யோசனைதான். செயினின் ஒரு பின்னில் ஸ்கேலின் பூஜ்யத்தை வைத்து 12 அங்குலம் அளந்தால் இன்னொரு பின்னின் நடுவில் சரியாக விழ வேண்டும். ஒன்றரை மி.மீ. தள்ளிப் போயிருந்தால் செயின் தேய்ந்துவிட்டது, கேசட்டும் தேய்ந்திருக்கலாம். ஃபோர்க்கின் பளபளப்பான காலில் நகத்தை ஓட்டுங்கள். நகம் சிக்கும் கீறல் இருந்தால் எண்ணெய் கசியும். வெல்டிங் ஓரங்களைத் துணியால் துடைத்து விரிசல் தேடுங்கள். விரிசல் இருந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

[காட்சி: புது சைக்கிள். காலியான, லேசான சரிவு.]

வாங்கியாகிவிட்டது. இன்றே மலைக்குப் போக வேண்டாம். புது பிரேக் பேடு முழு வலுவோடு பிடிக்காது. ஆளில்லாத இடத்தில் மிதமான வேகம் எடுத்து, நடக்கும் வேகம் வரை பிரேக் பிடித்து, நிற்காமல் விடுங்கள். முன் பிரேக்குக்கு இருபது முறை, பின் பிரேக்குக்கு இருபது முறை. எட்டாவது, பத்தாவது முறையில் பிடி ஏறுவது விரலிலேயே தெரியும். டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்காதீர்கள்: சூடாக இருக்கும், விரலில் உள்ள எண்ணெயும் அதில் ஒட்டிவிடும்.