கல் வட்டத்துக்குள்ள ஒரு கிராமம்: ஏவ்பரியில எதைக் காப்பாத்துறது?

[ட்ரோன் காட்சி: பச்சை வயல்களுக்கு நடுவில் வளையமாக ஒரு மண்கரை. அதற்குள் நிற்கும் கற்கள், வீடுகள், வளைந்து போகும் சாலை.]

இங்கிலாந்தோட தென்மேற்குப் பக்கம் வில்ட்ஷயர்னு ஒரு கவுன்டி, நம்ம மாவட்டம் மாதிரி. கோதுமை வயல், ஆட்டு மந்தை, சுண்ணாம்புப் பாறை மேடு, நடுநடுவுல சின்னச் சின்ன ஊரு. பேர்போன பழைய கல் வட்டம் ஸ்டோன்ஹெஞ்ச் இந்தக் கவுன்டியிலதான் இருக்கு. ஆனா நாம அங்க போகப் போறதில்ல. அங்க டிக்கெட் வாங்கிட்டு, கயிறு கட்டின பாதையில சுத்தி வந்துட்டுப் போயிடலாம். அதுக்கு வடக்க இருக்கிற ஏவ்பரிக்குப் போவோம். வட்டத்தோட சுற்றளவைப் பார்த்தா உலகத்திலேயே பெரிய கல் வட்டம் இதுதான். அந்த வட்டத்துக்குள்ளேயே ஜனங்க குடியிருக்காங்க. சாலை போகுது, பஸ் நிக்குது, வைக்கோல் வேய்ஞ்ச கூரையோட ஒரு பப் கூட இருக்கு. கல்லைத் தொட்டுப் பார்க்கலாம். ஆடு மேயும், யாரும் விரட்டமாட்டாங்க.

கி.மு. 2850க்கும் 2200க்கும் இடைப்பட்ட காலத்துல கட்டினது. மான் கொம்பால சுண்ணாம்புப் பாறையைக் கொத்தி, சுமார் 9 மீட்டர் ஆழத்துக்கு அகழி வெட்டியிருக்காங்க. வெளி வட்டத்துல மட்டும் ஏறக்குறைய 100 கல் இருந்துச்சு. இரும்பு கிடையாது, சக்கரம் கிடையாது.

இப்போ பார்த்தா பல இடத்துல கல்லு இல்ல. எங்க போச்சு?

[காட்சி: ஒரு பழைய வீட்டுச் சுவர். சாம்பல் நிற சார்சன் கற்கள் (கெட்டியான மணற்கல் வகை), நெருக்கத்தில்.]

இந்தச் சுவரைப் பாருங்க. அங்கதான் போச்சு.

14-ஆம் நூற்றாண்டு வாக்கில ஊர்க்காரங்க பல கல்லைச் சாய்ச்சு, குழி தோண்டிப் புதைச்சாங்க. 1938-ல ஒரு கல்லைத் தோண்டி எடுத்தப்ப, அதுக்கடியில ஒரு ஆளோட எலும்புக்கூடு. கூடவே ஒரு கத்தரிக்கோல், கொஞ்சம் வெள்ளிக் காசு. நாவிதரா, வைத்தியரா, ரெண்டுமா தெரியாது. ஆனா கல்லு எப்போ புதைஞ்சுதுன்னு காலம் சொன்னது அந்தக் காசுதான்.

புதைச்சதால கல்லு பிழைச்சுது. 1700களில நடந்தது அப்படி இல்ல. வில்லியம் ஸ்டூக்லின்னு ஒருத்தர் 1719-லிருந்து சில வருஷம் ஏவ்பரிக்கு வந்துவந்து போனார். கல்லை எப்படி உடைச்சாங்கன்னு கண்ணால பார்த்து எழுதி, வரைஞ்சும் வச்சிருக்கார். கல்லைப் பள்ளத்துல சாய்ப்பாங்க. அடியில வைக்கோலைப் போட்டுக் கொளுத்துவாங்க. நல்லாச் சூடேறினதும், எங்க பிளக்கணுமோ அந்தக் கோட்டுல குளிர்ந்த தண்ணிய ஊத்தி, சம்மட்டியால அடிப்பாங்க. பிளந்த துண்டு வீடு கட்டப் போகும். வயலும் காலியாச்சு, கட்டுமானத்துக்குக் கல்லும் ஆச்சு. அவங்களைத் திட்டுறதுல அர்த்தம் இல்லன்னு எனக்குத் தோணுது. கல்லு அவங்க நிலத்துல கிடந்த பொருள். தடுக்கிற சட்டம் எதுவும் அப்போ இல்ல.

சட்டத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டதும் இதே ஊருதான். 1870களோட தொடக்கத்துல வட்டத்துக்குள்ள புதுசா வீடு கட்டப் பார்த்தாங்க. ஜான் லப்பக்னு ஒரு வங்கிக்காரர், நாடாளுமன்ற உறுப்பினரும் கூட, அந்த நிலத்தைத் தன் காசுல வாங்கிட்டார். இங்கிலாந்துக்காரங்களுக்கு வங்கி விடுமுறை நாள் சட்டம் வாங்கிக் கொடுத்ததும் இவர்தான். அதனால ஊரே அவரைக் கொண்டாடிச்சு. பழைய கல்லைக் காப்பாத்தணும்னு சொன்னப்ப மட்டும், "அடுத்தவன் சொத்துல அரசாங்கம் எப்படிக் கை வைக்கலாம்?"னு பல வருஷம் இழுத்தடிச்சாங்க. கடைசியில 1882-ல சட்டம் வந்துச்சு, ரொம்ப இளைச்சுப்போய். பிரிட்டன், அயர்லாந்து ரெண்டுக்கும் சேர்த்து 68 இடம் பட்டியல்ல. அதையும் உரிமையாளர் மனசு வச்சாத்தான் அரசாங்கம் காவலுக்கு எடுக்க முடியும். லப்பக் பின்னாடி பிரபுப் பட்டம் வாங்கினப்ப எடுத்துக்கிட்ட பேரு, லார்ட் ஏவ்பரி.

[காட்சி: 1930களின் கருப்பு வெள்ளைப் படங்கள். கல்லை நிமிர்த்தும் ஆட்கள், மரச்சட்டம், கயிறு.]

அடுத்து வந்தவர் அலெக்சாண்டர் கீய்லர். குடும்பத் தொழில் ஜாம் மாதிரியான ஆரஞ்சு மார்மலேட், பணத்துக்குப் பஞ்சமில்ல. 1937-லிருந்து 1939 வரைக்கும் வட்டத்தோட மேற்குப் பாதியைத் தோண்டினார். புதைஞ்சிருந்த கல்லை எடுத்து, பழைய குழியிலேயே நிறுத்தி, அடியில கான்கிரீட் போட்டார். உடைஞ்சு போன கல்லு நின்ன இடத்துல சின்ன கான்கிரீட் தூண். நாம இன்னைக்குப் பார்க்கிற ஏவ்பரியில பெரும் பங்கு அவர் நிமிர்த்தினது.

அதுக்காக அவர் வட்டத்துக்குள்ள இருந்த சில வீடுகளையும் கொட்டகைகளையும் இடிச்சார். முன்னாடி வீட்டுக்காகக் கல்லை உடைச்சாங்க, இப்போ கல்லுக்காக வீட்டை. 1943-ல நிலம், பழைய இடங்களைக் காக்கிற நேஷனல் டிரஸ்ட்ங்கிற அறக்கட்டளை கைக்குப் போச்சு. இன்னைக்கு ஒருத்தர் கீய்லர் மாதிரி இடிக்கப் போனா, வழக்குதான்.

ஏன்னா இங்கிலாந்துல ரெண்டு தனித்தனிப் பட்டியல் இருக்கு.

[திரையில்: ஷெட்யூல்ட் மான்யுமென்ட் | லிஸ்டட் பில்டிங்]

முதலாவது ஷெட்யூல்ட் மான்யுமென்ட். கல் வட்டம், புதைமேடு, இடிஞ்ச கோட்டை மாதிரி ஆள் குடியிருக்காத தொல்லிடம். இப்போ நடக்கிறது 1979-ஆம் வருஷச் சட்டம். தோண்டவோ சரிபண்ணவோ அமைச்சர் பேர்ல அனுமதி வேணும்; ஆலோசனை சொல்றது ஹிஸ்டாரிக் இங்கிலாந்துங்கிற அமைப்பு. உலோகம் தேடுற கருவியைப் பயன்படுத்துறதுக்கே அனுமதி வேணும். ஆனா ஒரு ஓட்டை: ஏற்கனவே உழுதுட்டிருந்த வயல்னா, அதே ஆழத்துக்குத் தொடர்ந்து உழலாம். மண்ணுக்கடியில இருக்கிற தடயம் வருஷா வருஷம் கரையும், அதுவும் சட்டப்படி.

ரெண்டாவது லிஸ்டட் பில்டிங். ஆள் இருக்கிற வீடு, பயன்பாட்டுல இருக்கிற தேவாலயம் எல்லாம் இதுல. கிரேடு 1, கிரேடு 2 நட்சத்திரம், கிரேடு 2ன்னு மூணு தரம்; பத்துல ஒன்பதுக்கும் மேல சாதாரண கிரேடு 2. வெளிச்சுவர் மட்டும்தான் பாதுகாப்புன்னு நினைச்சு ஏமாறாதீங்க. உள்ளே இருக்கிற மாடிப்படி, குளிர் காய நெருப்பு மூட்டுற கணப்பு, கதவு, அந்த வளாகத்துல 1948 ஜூலை 1-க்கு முன்னாடி கட்டின சுற்றுச்சுவர் வரைக்கும் சேர்த்திதான். அனுமதி கொடுக்கிறது பெரும்பாலும் உள்ளூர் கவுன்சில். கேட்காம மாத்தினா அபராதத்தோட போகாது; அது குற்ற வழக்கு, சிறை வரைக்கும் போகலாம்.

இப்போ ஏவ்பரிக்கு வாங்க. உடைச்ச கல்லுல கட்டின வீடு லிஸ்டட். அந்த வீடு நிக்கிற தரை? இந்த மாதிரி இடங்களுக்கு ஷெட்யூல்ட் மான்யுமென்ட் பட்டியல்ல வழக்கமா எழுதுறது இதுதான்: கட்டடம் இதுல சேராது, அதுக்கடியில இருக்கிற மண்ணு சேரும். அப்போ ஒருத்தர் வீட்டுக்குப் பின்னாடி குழாய் பதிக்கணும்னா, சுவருக்கு ஒரு அலுவலகம், மண்ணுக்கு ஒரு அலுவலகம்.

நம்ம பக்கத்துக்கும் இதுல ஒரு தொடர்பு உண்டு. இந்தியாவில 1904-ல தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்த வைஸ்ராய் கர்சன், ஊருக்குத் திரும்பினப்புறம் லிங்கன்ஷயர்ல டாட்டர்ஷல் கோட்டையோட கணப்புக் கல்லையெல்லாம் பெயர்த்து விக்கிறதைப் பார்த்து, 1911-ல கோட்டையையே வாங்கினார். அந்தப் பரபரப்புதான் 1913-ல இங்கிலாந்துக்குக் கொஞ்சம் பல்லு முளைச்ச சட்டம் வர உதவிச்சு.

அதுக்கப்புறம் ரெண்டு நாடும் வேற வேற வழி. இந்தியாவில 2010 திருத்தப்படி, மத்திய அரசு காக்கிற சின்னத்தைச் சுத்தி 100 மீட்டருக்குள்ள புதுக் கட்டடம் கூடாது. அதுக்கப்புறம் 200 மீட்டர் அனுமதி வாங்கணும். மாமல்லபுரத்துக்காரங்களைக் கேட்டா விலாவாரியாச் சொல்வாங்க. இங்கிலாந்துல இப்படி அளவுகோல் கிடையாது. சின்னத்தைச் சுத்தி இருக்கிற சூழல் கெடுமான்னு ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனியாப் பார்க்கிறாங்க. 100 மீட்டர் விதியை ஏவ்பரியில வச்சா ஒரு மாட்டுக்கொட்டகை கூடப் புதுசா எழும்பாது. அதே சமயம், விதி மீட்டர்ல இருந்தா அதிகாரியோட ரசனையை நம்பி நிக்க வேண்டியதில்ல. கிராமத்துக்கு இங்கிலாந்து முறையும், நிலத்துக்கு விலை ஏறிப்போன ஊருக்கு நம்ம முறையும்தான் பொருந்தும்னு நான் நினைக்கிறேன். ஒத்துக்கலன்னா கமென்ட்ல சண்டைக்கு வாங்க.

[திரையில்: தேடல் பெட்டி, வரைபடம்]

ரெண்டு பட்டியலும் இணையத்துல இலவசமா இருக்கு. ஊர்ப் பேரைத் தட்டினா வரைபடத்துல கட்டடம் கட்டடமாக் காட்டும். ஏவ்பரியைத் தட்டிட்டு, அந்தப் பப்பைத் தேடிப் பாருங்க.