சுண்ணாம்பில் வெந்த மக்காச்சோளம்

வணக்கம். மெக்சிகோ நாட்டு மெல்லிய ரொட்டியான டோர்ட்டியாவை வீட்டிலேயே செய்வதைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். வெறும் சமையல் குறிப்பாகச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் கழுவி அரைத்து, தட்டிக் கல்லில் போட்டு எடுக்க வேண்டியது, அவ்வளவுதான். மீதி நேரத்தை நான் அந்தச் சுண்ணாம்புக்காகத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். என் வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தாலே ஆளுக்கொரு வேலை இருப்பதாக எழுந்து போய்விடுகிறார்கள். நீங்கள் ரேடியோவை அணைக்காமல் இருந்தால் சரி.

முதலில் ஒன்று. சூப்பர் மார்க்கெட்டில் பாக்கெட்டில் வெள்ளையாக, மெத்தென்று, சப்பாத்தி மாதிரி அடுக்கி வைத்திருப்பது கோதுமை டோர்ட்டியா. அதைப் போலி என்று சொல்ல மாட்டேன். வட மெக்சிகோவில், சோனோரா போன்ற பகுதிகளில், ஸ்பானியர்கள் கொண்டுவந்த கோதுமை நன்றாக விளைந்தது, அங்கே அதுதான் வீட்டுச் சாப்பாடு. ஆனால் நடு மெக்சிகோவிலும் தெற்கிலும் குவாத்தமாலாவிலும் டோர்ட்டியா என்றால் மக்காச்சோளம்தான். நான் பேசப் போவது அதைப் பற்றி.

மெக்சிகோ நகரத்துக்குப் பக்கத்தில் டெஸ்கோகோ என்று ஓர் ஊர். சர்வதேச மக்காச்சோள, கோதுமை ஆராய்ச்சி மையம் அங்கேதான் இருக்கிறது. நம் நாட்டு விஞ்ஞானிகள் பலர் அங்கே வேலை பார்த்திருக்கிறார்கள். சுரீந்தர் வாசல் என்பவரும் மெக்சிகோவைச் சேர்ந்த எவாஞ்சலினா வியேகாஸ் அம்மையாரும் சேர்ந்து புரதத் தரம் கூடிய மக்காச்சோளத்தை உருவாக்கி, 2000-ல் உலக உணவுப் பரிசு வாங்கினார்கள். வேலை நிமித்தமாக நாங்களும் அந்தப் பக்கம் சில காலம் குடியிருந்தோம். டோர்ட்டியாவை எனக்குச் சொல்லிக் கொடுத்தது அந்த மையமல்ல, பக்கத்து வீட்டுப் பாட்டி.

காலையில் அந்தத் தெருவில் பெண்கள் கையில் பிளாஸ்டிக் வாளியோடு போவார்கள், வாளியை ஒரு துணி போட்டு மூடியிருப்பார்கள். உள்ளே முந்தின இரவு சுண்ணாம்பில் வெந்து ஊறிய மக்காச்சோளம். நிஷ்டமால் என்பார்கள். மில்லுக்குப் போனால் வரிசை. இரண்டு கல் உரசி ஓடுகிற இயந்திரம், மேலே ஒரு புனலில் வாளியைக் கவிழ்ப்பார்கள், மில்காரர் ஒரு கையால் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருப்பார், கீழே மாவு சூடாக, கெட்டியாக, சுருள் சுருளாக விழும். அந்த மாவுக்குப் பெயர் மாசா. ஈர மண்ணும் கொஞ்சம் சுண்ணாம்பும் கலந்த மாதிரி ஒரு வாசனை வரும் பாருங்கள், அதை ரேடியோவில் அனுப்ப முடிந்தால் நான் பேசவே வேண்டியதில்லை.

இந்த மில் வருவதற்கு முன்னால் வீட்டுப் பெண்கள் மண்டியிட்டு உட்கார்ந்து அரைத்தார்கள். மெத்தாத்தே என்று ஒரு கல். நம் அம்மிக்குச் சொந்தக்காரன்தான், ஆனால் எரிமலைக் கல், மூன்று கால் உண்டு, முன்பக்கம் சரிவாக இருக்கும். ஒரு குடும்பத்துக்கு வேண்டிய டோர்ட்டியாவுக்கு நாளில் ஐந்தாறு மணி நேரம் அந்தக் கல்லிலேயே போய்விடும். இருபதாம் நூற்றாண்டில் மின்சார மில் கிராமம் கிராமமாகப் போய்ச் சேர்ந்தபோது சில வீட்டு ஆண்கள் "மில் மாவு ருசிக்காது" என்று முணுமுணுத்தார்களாம். அரைக்காதவர்களுக்கு ருசியைப் பற்றி எப்போதும் நிறையக் கருத்து இருக்கும்.

சரி, சுண்ணாம்புக்கு வருகிறேன். காய்ந்த மக்காச்சோளத்துக்கு வெளியே ஒரு கெட்டித் தோல் உண்டு. நீங்கள் வெறும் தண்ணீரில் எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் அது பல்லில் மாட்டிக்கொள்ளும். சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டால் அந்தத் தோலை இறுக்கிப் பிடித்திருக்கும் பசைப்பொருள் கரைந்து, தோல் வழுக்கிக்கொண்டு வருகிறது. அதே பசைதான் அப்புறம் மாவையும் சேர்த்துப் பிடிக்கிறது. இதைச் சோதிக்க ஆராய்ச்சிக்கூடம் வேண்டாம். கடையில் சாதாரண மக்காச்சோள மாவு வாங்கித் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து மெல்லிசாகத் தட்டிப் பாருங்கள், ஓரமெல்லாம் வெடிக்கும். பஞ்சாபில் அதை வெந்நீரில் பிசைந்து, கொஞ்சம் தடிமனாகத் தட்டி அழகாக ரொட்டி செய்கிறார்கள், அது வேறு பண்டம். மடித்தால் உடையாத டோர்ட்டியா வேண்டுமென்றால் சுண்ணாம்பு வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம் உடம்பு. மக்காச்சோளத்தில் நியாசின் என்கிற பி வைட்டமின் இருக்கிறது, ஆனால் பூட்டி வைத்த மாதிரி இருக்கிறது, நம் குடலுக்கு அந்தப் பூட்டைத் திறக்கத் தெரியாது. சுண்ணாம்பு திறந்துவிடுகிறது. மெக்சிகோ, குவாத்தமாலா மக்கள் மூவாயிரம் வருடத்துக்கு மேலாக இதைச் செய்துவருகிறார்கள், வைட்டமின் என்ற பெயர்கூட இல்லாத காலத்திலிருந்து. 1492-க்குப் பிறகு ஸ்பானியர்கள் மக்காச்சோளத்தைக் கப்பலில் ஏற்றினார்கள். விதை போனது. சுண்ணாம்பு போகவில்லை. அரைக்கிற பெண்ணிடம் யாரும் ஏன் என்று கேட்கவில்லை போலிருக்கிறது.

விளைவு, 1735 வாக்கில் வட ஸ்பெயினில் காஸ்பார் கசால் என்ற மருத்துவர், மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளிடம் ஒரு நோயைப் பார்த்து எழுதுகிறார். வெயில் படுகிற இடத்தில் தோல் கருத்து உரியும், வயிற்றுப்போக்கு, கடைசியில் புத்தி பேதலிப்பு. கழுத்தைச் சுற்றி மாலை போட்ட மாதிரி தடிப்பு வருமே, அதற்கு இன்றும் மருத்துவத்தில் அவர் பெயர்தான். இத்தாலியில் பொலெந்தா என்ற மக்காச்சோளக் கஞ்சியையே குடித்த உழவர்களுக்கும் வந்தது, பெல்லக்ரா என்று பெயர் வைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள்.

இங்கே கோல்ட்பெர்கர் கதையைச் சொல்லியே ஆக வேண்டும், எனக்குப் பிடித்த கதை. ஜோசப் கோல்ட்பெர்கர் அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை மருத்துவர். 1914-ல் இந்த நோயைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள். எல்லாரும் இது தொற்றுநோய் என்றார்கள். அவர் மருத்துவமனைகளையும் அனாதை இல்லங்களையும் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றைக் கவனித்தார்: நோயாளிகளுக்கு வருகிறது, அவர்களோடு நாள் முழுக்கப் பழகுகிற ஊழியர்களுக்கு வருவதில்லை. கிருமிக்கு ஊழியர் யார், நோயாளி யார் என்று எப்படித் தெரியும்? சாப்பாட்டில்தான் ஏதோ இருக்கிறது என்றார். மிசிசிப்பி சிறையில், விடுதலை தருகிறோம் என்ற வாக்குறுதியோடு முன்வந்த கைதிகளுக்கு மக்காச்சோளமும் மாவுப் பண்டமுமாகவே கொடுத்தார்கள், ஆறு பேருக்கு நோயின் அடையாளம் தெரிந்தது. இன்றைக்கு அப்படிச் செய்ய யாரும் அனுமதிக்க மாட்டார்கள், அது வேறு. அதற்கும் ஊர் நம்பவில்லை. அப்புறம் அவர் செய்தது இருக்கிறதே, சாப்பிட்டுக்கொண்டே கேட்பவர்கள் ஒரு நிமிடம் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். நோயாளிகளின் ரத்தத்தைத் தனக்கு ஊசி போட்டுக்கொண்டார், அவர்களுடைய மலத்தையும் சிறுநீரையும் தோல் செதிலையும் மாவில் உருட்டி மாத்திரையாக விழுங்கினார். கூட வேலை பார்த்த சிலரும் சேர்ந்துகொண்டார்கள், அவர் மனைவியும் ஊசி போட்டுக்கொண்டார். யாருக்கும் பெல்லக்ரா வரவில்லை. குறைவது எந்தச் சத்து என்று உறுதியாவதற்கு முன்பே, 1929-ல் அவர் இறந்துவிட்டார். 1937-ல் எல்வேஜெம் என்ற விஞ்ஞானி அது நிக்கோட்டினிக் அமிலம், அதாவது நியாசின், என்று காட்டினார்.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. தக்காணத்தில் சோளத்தையே நம்பியிருந்த ஏழைகளிடமும் பெல்லக்ரா இருந்தது. மக்காச்சோளம் இல்லை, நம்ம நாட்டுச் சோளம். ஐதராபாத்தில் டாக்டர் சி. கோபாலனும் அவர் குழுவும் அதை ஆராய்ந்து, சோளத்தில் அதிகமாக இருக்கிற லியூசின் என்ற அமினோ அமிலம் காரணமாக இருக்கலாம் என்றார்கள். அதில் வாதப் பிரதிவாதம் நிறைய உண்டு, விட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் டோர்ட்டியா வேகாது.

இப்போது சமையலறைக்கு வாருங்கள். அரைக் கிலோ காய்ந்த மக்காச்சோளம். ஸ்வீட் கார்ன் கூடாது, பாப்கார்ன் கூடாது, நன்றாக முற்றிக் காய்ந்த மணி. நம் பக்கம் பெரம்பலூர், அரியலூரில் விளைவதில் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குப் போகிறது, அதனால் சாப்பாட்டுக்கு என்று சுத்தம் செய்து விற்பதாகக் கேட்டு வாங்குங்கள். விதைக்கடையில் வாங்கவே வாங்காதீர்கள். அதில் மருந்து கலந்திருப்பார்கள், பெரும்பாலும் இளஞ்சிவப்பாகவோ வேறு நிறத்திலோ இருக்கும்.

சுண்ணாம்பு, வெற்றிலைக்குப் போடுகிறோமே, அதே பொருள்தான். நீற்றின சுண்ணாம்பு, கலர் போடாத வெள்ளை, சாப்பிடுகிற தரம். பெயின்ட் கடைச் சுண்ணாம்பு வேண்டாம். நீற்றாத சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் போட்டால் கொதித்துத் தெறிக்கும், கண்ணுக்கு ஆபத்து. அரைக் கிலோவுக்கு ஐந்து கிராம் பொடி, நூற்றுக்கு ஒன்று என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். வெற்றிலைச் சுண்ணாம்புப் பசையில் தண்ணீரும் இருப்பதால் கொஞ்சம் கூடுதலாக எடுக்கலாம். பாத்திரம் எவர்சில்வர் அல்லது மண்சட்டி. அலுமினியம் மட்டும் வேண்டாம், சுண்ணாம்பு அதை அரித்துவிடும். திரும்பவும் சொல்கிறேன், அலுமினியம் வேண்டாம்.

ஒன்றரை லிட்டர் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்து, மக்காச்சோளத்தைப் போட்டு மெல்லிய தீயில் வையுங்கள். தளதளவென்று கொதிக்க விடாமல், கொதிக்கலாமா வேண்டாமா என்று இருக்கிற சூடு. கொஞ்ச நேரத்தில் மணி பளீரென்று மஞ்சளாகும். முப்பது, நாற்பது நிமிடம் கழித்து ஒரு மணியை எடுத்து இரண்டு விரலால் தேயுங்கள், தோல் கழன்று வர வேண்டும், கடித்தால் நடுவில் சின்னதாக வேகாத வெள்ளை தெரிய வேண்டும். அடுப்பை அணைத்து மூடிவிட்டுத் தூங்கப் போங்கள்.

பாட்டி மக்காச்சோளத்தைப் பானையில் போடுவதற்கு முன்னால் அதன் மேல் மெல்ல ஊதுவார். சும்மா தூசி தட்டுகிறார் என்று நினைத்திருந்தேன். பதினாறாம் நூற்றாண்டில் சஹாகுன் என்ற பாதிரியார் அந்த ஊர்ப் பழக்கங்களை எழுதி வைத்தாரே, அதில் இது இருக்கிறது: நெருப்பைக் கண்டு மக்காச்சோளம் பயப்படாமல் இருக்க, பெண்கள் அதன் மேல் ஊதுவார்களாம். பாட்டியிடம் கேட்டேன். "எங்கம்மா ஊதினாங்க, நானும் ஊதறேன்" என்பதற்கு மேல் பதில் இல்லை. இப்போது நானும் ஊதுகிறேன்.

காலையில் தண்ணீர் மஞ்சளாக, வழவழவென்று இருக்கும். அதைக் கொட்டிவிட்டு இரண்டு மூன்று தடவை கழுவுங்கள், தோலை மொத்தமாகத் தேய்த்து எடுத்துவிட வேண்டாம், கொஞ்சம் இருந்தால்தான் மாவு சேரும். அரைப்பதுதான் நம் ஊரில் சிக்கல். நம் வெட் கிரைண்டரை அமெரிக்காவில் வீட்டில் மாசா அரைக்கிறவர்கள் தேடி வாங்குகிறார்கள், கல் என்பதால். ஆனால் அது இட்லி மாவுக்குப் பழகிய இயந்திரம், தண்ணீர் குறைந்தால் சுற்றாது, தண்ணீர் கூடினால் தட்ட வராது. கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, கையால் தெளிக்கிற அளவு மட்டும் தண்ணீர் விட்டு, பக்கத்திலேயே நின்று தள்ளிவிட்டுக்கொண்டு அரையுங்கள். அம்மி இருக்கிறவர்கள் பாக்கியசாலிகள். ஒன்றும் இல்லையா, நிஷ்டமாலைக் காயவைத்து அரைத்த மாவு பாக்கெட்டில் கிடைக்கிறது, மெக்சிகோவில் 1949-லிருந்தே தொழிற்சாலையில் செய்கிறார்கள், அவசரத்துக்கு நல்லது. வாசனை பாதிதான் இருக்கும்.

எனக்குக் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள், வேகமாகப் போகிறேன். எலுமிச்சை அளவு உருண்டை. விரலால் அமுக்கினால் ஓரம் வெடித்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும், கையில் ஒட்டினால் கொஞ்சம் ஆறவிட வேண்டும். பால் பாக்கெட்டை வெட்டி இரண்டு தாளாக்கி நடுவில் உருண்டையை வைத்து, கனமான தட்டையான பாத்திரத்தால் அமுக்குங்கள். எண்ணெய் இல்லை, உப்பு இல்லை. நன்றாகக் காய்ந்த தோசைக்கல், அவர்கள் கொமால் என்பது. முதல் பக்கம் பதினைந்து இருபது நொடி, ஓரம் கல்லை விட்டதும் திருப்பு. இரண்டாம் பக்கம் அரை நிமிடத்துக்கு மேல். மறுபடி திருப்பி நடுவில் விரலால் லேசாகத் தட்டினால் உப்பும். முதலில் உப்பாவிட்டாலும் சாப்பிடலாம்.

முக்கியமானது, எடுத்ததும் தட்டில் போட்டுத் தின்னாதீர்கள். துணியில் சுற்றி அடுக்கிப் பத்து நிமிடம் வையுங்கள், தன் ஆவியிலேயே மெதுவாகும். தொட்டுக்கொள்ளச் சல்சா பற்றியும், மிஞ்சின டோர்ட்டியாவை மறுநாள் பொரித்து மிளகாய்ச் சாற்றில் போட்டுச் செய்கிற சிலாக்கிலேஸ் பற்றியும் சொல்வதாக இருந்தேன், நேரமில்லை. தக்காளியையும் பச்சை மிளகாயையும் பூண்டையும் அதே கல்லில் கருகச் சுட்டு, உப்புப் போட்டு அம்மியில் நசுக்குங்கள், இப்போதைக்கு அது போதும். வணக்கம்.