பல்ப்பில் குற்றமில்லை

நேயர்களுக்கு வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

செங்கலடிச் சந்தியில் திரும்பிப் பதுளை வீதியில் ஏறினால் அது ஏ5 வீதி. அதே வீதிதான் மகாஓயா, பிபிலை, பதுளை, நுவரெலியா என்று மலையேறிப் பேராதனையில் போய் முடிகிறது. காலையில் மட்டக்களப்பு வாவிக்கரையில் புறப்படுகிற நமது கார், பின்னேரம் ஆறாயிரம் அடிக்கு மேலே பனிமூட்டத்துக்குள் நிற்கும். அங்கே போய் பொக் லைட், அதாவது பனிமூட்ட விளக்கின் சுவிட்ச்சை அமத்தும்போதுதான் அது எரியவில்லை என்பது பலருக்குத் தெரியவருகிறது. மலைக்குப் போகாதவர்களுக்கும் இந்தக் கதை உண்டு. தை, மாசி விடியற்காலையில் நம் வயல்வெளிகளில் பனி தரையோடு படுத்திருக்கும். வீதியில் மாடு நிற்கும். பெட்டி நிறைய நெல் மூட்டையோடு, பின்விளக்கு இல்லாமல் உழவு இயந்திரம் போகும். அந்த நேரத்தில் ஹெட் லைட்டைத் தூக்கிப் போட்டால், பனித்துளிகள் வெளிச்சத்தை நம் கண்ணுக்கே திருப்பி அனுப்பிவிடும். பொக் லைட் பம்பரில், தாழ்வாக இருந்து, அகலமாக வீதியை மட்டும் காட்டுவது அதனால்தான்.

நான் ஆரையம்பதிப் பக்கம் வாகன மின்வேலை செய்கிறவன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தொண்ணூறுகளில் வந்த யப்பான் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். இடப்பக்க பொக் லைட் மெழுகுதிரி மாதிரி மங்கலாக எரிந்தது. அதற்குள் மூன்று பல்ப் மாற்றிவிட்டார், சுவிட்ச் போட்டதும் விளக்குக்கு மின்சாரத்தைத் திறந்துவிடுகிற சின்னப் பெட்டியான ரிலே ஒன்றையும் வாங்கிப் போட்டுவிட்டார். "என்ன மனே, புதுப் பல்ப்பும் இப்படியா எரியும்?" என்று கேட்டார். எனக்கு மனம் கஷ்டமாகப் போய்விட்டது. அவர் தூக்கி எறிந்த மூன்று பல்ப்பும் நல்ல பல்ப்.

விளக்கு எப்படிக் கெட்டிருக்கிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். இரண்டு பக்கமும் எரியவில்லை என்றால் பியூஸ், ரிலே, சுவிட்ச் என்று இரண்டுக்கும் பொதுவான இடத்தில் தேட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் அந்தப் பக்கத்துப் பல்ப், சொக்கட், வயர். எரிகிறது, ஆனால் மங்கல் என்றால் அநேகமாக எர்த், அதாவது மின்சாரம் காரின் தகடு வழியாகப் பற்றரிக்குத் திரும்பிப் போகிற இணைப்பு.

அதற்கும் முன்னால் ஒன்று. பழைய யப்பான் கார்கள் பலவற்றில் பார்க்கிங் லைட் போட்டால்தான் பொக் லைட் எரியும். சில கார்களில் ஹெட் லைட்டைத் தூக்கினால் அது அணைந்துவிடும். அது பழுதல்ல, அமைப்பே அப்படி. பார்க்கிங் லைட்டின் பியூஸ் போயிருந்தாலும் பொக் லைட் வராமல் போகலாம்.

ரிலேயைப் பற்றி நீட்டத் தேவையில்லை. அதே இலக்கமுள்ள ஹோர்ன் ரிலேயைக் கழற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். 'டிக்' என்று சத்தம் கேட்டால் ரிலே நல்லது என்று நினைக்க வேண்டாம், உள்ளே தொடுமுனை கருகியிருந்தாலும் அந்தச் சத்தம் வரும்.

சரி, ஆசிரியரின் காருக்கு வருகிறேன். பல்ப்பைக் கழற்றி, சொக்கட்டில் மீற்றர் வைத்தேன். 12 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. இங்கேதான் கனபேர் ஏமாறுகிறார்கள். மீற்றர் இழுக்கிற மின்னோட்டம் இல்லை என்றே சொல்லலாம். வயரில் ஒரேயொரு இழை மிஞ்சியிருந்தாலும் அது முழு வோல்ட்டைக் காட்டும். 55 வாட் பல்ப் கேட்பதோ நாலரை அம்பியர். அந்த ஒற்றை இழையால் அதைச் சுமக்க முடியாது. அதனால் பல்ப்பைப் போட்டு, எரிய விட்டுத்தான் அளக்க வேண்டும். மீற்றரின் ஒரு முனையைப் பல்ப்பின் எர்த் வயரில் குத்தி, மறுமுனையைப் பற்றரியின் நெகட்டிவில் வைத்தேன். நல்ல எர்த் என்றால் 0.2 வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது. மூன்று வோல்ட்டுக்கு மேல் வந்தது. வோல்ட்டில் கால்வாசி குறைந்தால் ஹலோஜன் பல்ப்பின் வெளிச்சம் பாதிக்குக் கீழே இறங்கிவிடும். மெழுகுதிரிக்குக் காரணம் அதுதான்.

பம்பரை இறக்கிப் பார்த்தோம். எர்த் வயர் காரின் தகட்டில் ஒரு போல்ட்டால் பூட்டியிருந்தது. போல்ட்டைச் சுற்றிப் பச்சைத் தூள். வயரின் மேல்தோல் நேற்று வாங்கியது போல இருந்தது. கத்தியால் கொஞ்சம் சீவினேன். உள்ளே செம்பு கறுத்து, விரலால் நசுக்கினால் உதிர்ந்தது. சாணளவு மேலே போன பிறகுதான் செம்பின் நிறம் வந்தது. கடற்காற்றின் உப்பும், மாரியில் வீதிக்கு மேல் ஓடுகிற வெள்ளமும் சேர்ந்து செய்த வேலை. கல்லடி, காத்தான்குடி, கல்முனை என்று கரையோரம் ஓடுகிற வாகனங்களில் நான் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கெட்ட வயரை வெட்டி, புது வயர் பூட்டி, தகட்டைப் பளபளவென்று சுரண்டி, போல்ட்டை இறுக்கி, மேலே கிறீஸ் பூசினேன். செலவு மூன்று பல்ப்பின் விலைக்குக் கிட்டவும் வரவில்லை.

அடிக்கடி பியூஸ் போகிறதென்றால் அது வேறு நோய். எங்கேயோ வயர் உரசித் தகட்டில் படுகிறது. பழைய பிரேக் லைட்டின் 21 வாட் பல்ப்புக்கு இரண்டு வயர் பூட்டி, பியூஸ் இருந்த இடத்தில் கொடுங்கள். இரண்டு பொக் லைட் சொக்கட்டையும் கழற்றிவிட்டு சுவிட்ச்சைப் போடுங்கள். அந்தப் பல்ப் எரிந்தால் ஷோர்ட் இருக்கிறது. வயர்க் கட்டை அங்கங்கே மெல்ல அசைத்துக்கொண்டு போங்கள். அசைக்கும்போது எந்த இடத்தில் பல்ப் அணைகிறதோ, கோளாறு அங்கேதான். இதைப் பொக் லைட்டுக்கு மட்டும் செய்யுங்கள். ஏர்பேக் வயர்களில் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

தயவு செய்து, பியூஸ் போகிறதென்று சிகரெட் பெட்டித் தாளைச் சுருட்டி வைக்காதீர்கள், 15 அம்பியர் இருந்த இடத்தில் 30 போடாதீர்கள். அப்புறம் பியூஸுக்குப் பதிலாக வயர்தான் உருகும். அந்த வயரோடு ஒரே கட்டாக மற்ற வயர்களும் ஓடுகின்றன. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற வாகனம் அது. 100 வாட் பல்ப் போடுகிற தம்பிமாருக்கும் இதையே சொல்கிறேன். இரண்டு பல்ப்பும் சேர்ந்து பதினாறு அம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய வயருக்கும் சொக்கட்டுக்கும் அது தாங்காது, பிளாஸ்டிக் கண்ணாடியும் வெந்துபோகும்.

பல்ப் உண்மையிலேயே போயிருந்தால், சூடு ஆறவிட்டு மாற்றுங்கள். புதுப் பல்ப்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாது. கையிலுள்ள எண்ணெய்ப்பசை பட்ட இடம் அளவுக்கு மீறிச் சூடேறும், பல்ப் சீக்கிரம் போகும். பட்டுவிட்டால் சுத்தமான துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள்.

வேலை முடிந்ததும், இருட்டின பிறகு காரை ஒரு மதிலுக்கு முன்னால் நிறுத்தி விளக்கைப் போடுங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு நேர்கோடாக, பொக் லைட்டின் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்க வேண்டும். அதற்கு மேலே ஏறினால், பின்னால் இருக்கிற திருகாணியைத் திருப்பி இறக்கிவிடுங்கள். எதிரே சைக்கிளில் வருகிறவரின் கண் கூசக்கூடாது. ஆசிரியரின் காரை எங்கள் வீட்டு மதிலில்தான் பார்த்தோம். இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம். அவர் மதிலுக்குக் கிட்டப் போய், இடப்பக்கத்து வெளிச்சத்தில் கையை நீட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நன்றி, வணக்கம்.