கேசினோ கப்பல் வந்தால் ஆற்றுக்கு என்ன லாபம்?

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கொஞ்சம் வில்லங்கமான விஷயம்.

ஆற்றங்கரையில் ஒரு சின்ன நகரம். தொழிற்சாலை மூடியாயிற்று, கரையோரக் கடைகளில் பாதி பூட்டிக் கிடக்கிறது. ஆறு மட்டும் அதுபாட்டுக்கு அழகாக ஓடுகிறது. நகர மன்றத்தில் ஒருவர் எழுந்து, "ஒரு கேசினோ கப்பலைக் கொண்டுவருவோம். ஆற்றைப் பார்க்க ஜனங்கள் வருவார்கள், கஜானாவும் நிரம்பும்" என்கிறார். அமெரிக்காவில் மிசிசிப்பி, மிசௌரி, ஒஹாயோ ஆற்றங்கரை ஊர்களில் இந்தக் காட்சி 30 வருடங்களுக்கு முன்பே பல தடவை அரங்கேறிவிட்டது.

சூதாட்டம் நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றத்துக்கு நான் இன்று வரவில்லை. அதைப் பற்றி எனக்கும் அபிப்பிராயம் உண்டு, அது இருக்கட்டும். இன்றைய கேள்வி ஒன்றுதான்: இந்தக் கப்பல் ஆற்றுச் சுற்றுலாவை வளர்க்குமா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் வரும். ஆற்றுக்கு ஆள் வரமாட்டான். வந்த பணத்தை ஆற்றுக்குத் திருப்பிவிடத் தெரிந்த நகரத்துக்குத்தான் லாபம், தெரியாத நகரத்துக்கு வாகன நிறுத்துமிடம்தான் மிச்சம்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், ஆரம்பித்தவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் ஆரம்பித்தார்கள். அயோவா மாநிலத்தைப் பாருங்கள். 1980களில் விவசாயம் படுத்துவிட்டது, டிராக்டர் செய்யும் ஆலைகளில் ஆட்குறைப்பு. 1989இல் ஒரு சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தைப் படித்தால் எழுதியவர்களின் மனது தெரியும். கப்பல் பார்வைக்குப் பழைய அயோவா நீராவிப் படகு மாதிரி இருக்க வேண்டும். உள்ளே அயோவாவில் செய்த கைவினைப் பொருள்களை விற்க ஓர் இடம் ஒதுக்க வேண்டும். தளப் பரப்பில் 30 சதவீதத்துக்கு மேல் சூதாட்டம் கூடாது. ஒரு பந்தயத்துக்கு 5 டாலர்தான் உச்சம். ஒரு பயணத்தில் ஒருவர் 200 டாலருக்கு மேல் இழக்க முடியாது. சுற்றுலாப் பருவத்தில் கப்பல் நிஜமாகவே ஆற்றில் ஓட வேண்டும். அதாவது, அவர்கள் கேட்டது ஓர் உல்லாசப் படகு. ஓரமாகக் கொஞ்சம் சீட்டாட்டம், அவ்வளவுதான்.

1991 ஏப்ரல் 1 அன்று முதல் கப்பல்கள் கிளம்பின. முட்டாள்கள் தினத்தில் ஆரம்பித்தார்கள் என்று நான் கிண்டல் செய்ய மாட்டேன், அந்த வேலையை அப்போதே பலர் செய்திருப்பார்கள். கூட்டம் வந்தது. பேருந்து பேருந்தாக வந்தது. முதல் கோடைக்காலம் பிரமாதம்.

ஆனால் அதே வருடம் செப்டம்பரில், ஆற்றின் கீழ்ப்பக்கம் இல்லினாய் மாநிலத்தின் ஆல்டன் நகரில் ஒரு கப்பல் வந்தது. அங்கே 5 டாலர் உச்சவரம்பும் இல்லை, 200 டாலர் வேலியும் இல்லை. சூதாட வருகிறவன் எங்கே போவான்? அப்புறம் மிசிசிப்பி மாநிலம் கதவைத் திறந்தது. அங்கே கப்பல் கரையை விட்டு நகரவே தேவையில்லை. அயோவாவில் ஓடிக்கொண்டிருந்த டயமண்ட் லேடி, எமரால்ட் லேடி என்ற இரண்டு கப்பல்களும் 1992இல் மூட்டை கட்டிக்கொண்டு தெற்கே அந்த மிசிசிப்பி மாநிலத்தின் பிலாக்ஸி நகருக்குப் போய்விட்டன. தொழிற்சாலையை இடம் மாற்ற வருடக்கணக்காகும். கப்பலுக்கு நங்கூரத்தைத் தூக்கினால் போதும். அதற்காகப் போட்ட துறையும் சாலையும் ஊரோடு நின்றுவிடும், அதன் கடனும்தான்.

அயோவா என்ன செய்தது? 1994இல் பந்தய வரம்பு, இழப்பு வரம்பு இரண்டையும் எடுத்துவிட்டது. கைவினைப் பொருளும் பழைய நீராவிப் படகும் கனவாகிப் போனது அப்போதுதான் என்பது என் கணிப்பு. பக்கத்து மாநிலத்தோடு போட்டி என்று வந்துவிட்டால், முதலில் பறிபோவது நீங்கள் ஆற்றுக்காக எழுதிவைத்த ஷரத்துகள்தான்.

அந்த டயமண்ட் லேடி என்ன ஆயிற்று தெரியுமா? பல கைகள் மாறி, கடைசியில் மெம்ஃபிஸ் பக்கம் ஒரு படகுத்துறையில் கேட்பாரற்றுக் கிடந்து, 2021இல் மூழ்கியது. 2022 அக்டோபரில் மிசிசிப்பியில் தண்ணீர் வெகுவாகக் குறைந்தபோது சேறு பூசிய அதன் உடல் வெளியே தெரிந்தது, செய்தித்தாள்களில் படம் வந்தது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

கப்பல் ஏன் ஓடுவதை நிறுத்துகிறது? இதுதான் இந்த வீடியோவில் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். கேசினோவின் வருமானத்தில் பெரும்பங்கு, காசு போட்டுச் சுற்றவிடும் ஸ்லாட் மெஷினிலிருந்து வருகிறது. மெஷின் எத்தனை மணிநேரம் சுற்றுகிறது என்பதுதான் கணக்கு. கப்பல் இரண்டு மணிநேரப் பயணம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற அரை மணி, இறங்க அரை மணி. அந்த நேரத்தில் மெஷின்கள் பாதி சும்மா நிற்கும். ஐந்து நிமிடம் தாமதமாக வந்த ஆள், கப்பல் போய்விட்டது என்று காரைத் திருப்பிக்கொண்டு வேறு கேசினோவுக்குப் போய்விடுவார். ஏறியவரில் ஒருவர் முதல் பத்து நிமிடத்திலேயே கைக்காசைத் தொலைத்திருப்பார். மீதி நேரமெல்லாம் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உர்ரென்று நிற்பார். அவர் ஆற்றையா ரசிப்பார்? மேலும் ஓடுகிற கப்பலுக்கு லைசென்ஸ் உள்ள கேப்டன், தளத்தில் வேலை பார்க்கும் ஆட்கள், என்ஜின் அறை, டீசல், கடலோரக் காவல் படையின் சோதனை எல்லாம் வேண்டும். இத்தனையும் செலவு. கரையில் கட்டிப்போட்டால் பெரும்பாலும் மிச்சம்.

ஆகவே சட்டம் 'ஓடு' என்றாலும் கப்பல்கள் ஓடவில்லை. காற்று பலமாக இருக்கிறது, தண்ணீர் மட்டம் சரியில்லை, பனிமூட்டம் என்று ஏதாவது காரணம் கிடைக்கும். மிசௌரி மாநிலத்தில் கரையிலேயே நிற்கிற கப்பலிலும் 'பயண நேரம்' என்று இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை அறிவித்தார்கள். அதில் ஏறுவதற்கு ஒரு கெடு வைத்தார்கள். கெடு தாண்டினால் கதவு மூடிவிடும். கப்பல் ஓர் அடிகூட நகராது, ஆனால் நீங்கள் அதைத் தவறவிட்டுவிட்டீர்கள்! பேய்ப் பயணம் என்றே அதற்குப் பெயர். நகராத பேருந்துக்காக ஓடுகிற மாதிரி.

இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மிசௌரி ஆற்றின் பக்கத்தில் நிலத்தில் ஒரு குழி வெட்டி, ஆற்றுத் தண்ணீரை அதில் விட்டு, அதற்குள் ஒரு மிதவையை இறக்கி, அதன்மேல் கட்டடம் கட்டினார்கள். உள்ளே நுழைகிறவருக்குத் தான் தண்ணீர்மேல் நிற்கிறோம் என்றே தெரியாது. ஜன்னலும் கிடையாது. அகழிக்குள் படகு என்று கேலி செய்தார்கள். கேசினோ கப்பல் ஆற்றில்தான் இருக்க வேண்டும் என்பது மாநில அரசியல் சட்டம். 1997இல் மாநில உச்ச நீதிமன்றம், இந்தக் குழி அந்தச் சட்டம் சொன்ன ஆறு ஆகாது என்றது. 1998இல் வாக்கெடுப்பு வைத்து, ஆற்றிலிருந்து 1,000 அடிக்குள் இருந்தால் போதும் என்று சட்டத்தையே மாற்றிக்கொண்டார்கள். இல்லினாய் 1999இல், லூயிசியானா 2001இல், இந்தியானா 2002இல் கட்டிப்போட்ட கப்பலுக்குச் சம்மதம் சொல்லின. மிசிசிப்பி மாநிலத்தில் 2005 கத்ரீனா புயல் கேசினோ மிதவைகளைத் தூக்கி நெடுஞ்சாலைமேல் போட்டது. அதற்குப் பிறகு கரையிலிருந்து 800 அடிக்குள் நிலத்திலேயே கட்டிக்கொள்ள அனுமதித்தார்கள். எல்லாப் பாதையும் ஒரே திசையில்தான் போகிறது: தண்ணீரை விட்டு வெளியே.

நம் பக்கத்தில் கோவாவைப் பார்த்தாலும் இதேதான். பனாஜிக்கு எதிரே மண்டோவியில் நங்கூரமிட்டு நிற்கிற கேசினோ கப்பல்களுக்குச் சின்னப் படகில் போய் ஏறுகிறார்கள். உள்ளே போனபின் மண்டோவி இருக்கிறதா இல்லையா என்று யாரும் எட்டிப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

கட்டிப்போட்ட கப்பல் பத்திரமானதும் அல்ல. 1998 ஏப்ரல் 4, செயின்ட் லூயிஸ். ஆன் ஹாலி என்ற இழுவைக் கப்பல் தள்ளிக்கொண்டு வந்த சரக்கு மிதவைகள் ஈட்ஸ் பாலத்தில் மோதிப் பிய்ந்தன. அறுந்த மிதவைகளில் சில, கரையில் நின்ற அட்மிரல் என்ற கேசினோ கப்பலில் போய் இடித்தன. உள்ளே 2,000 பேருக்கு மேல். கட்டியிருந்த கயிறுகளில் பெரும்பாலானவை அறுந்து, கப்பல் கரையை விட்டு விலக ஆரம்பித்தது. அட்மிரலுக்கு என்ஜின் கிடையாது, எப்போதோ எடுத்துவிட்டார்கள். ஆன் ஹாலியின் கேப்டன் மிச்ச மிதவைகளைக் கழற்றிவிட்டு, தன் கப்பலின் மூக்கை அட்மிரலில் வைத்து அழுத்திக் கரையோடு பிடித்து நிறுத்தினார். உயிர்ச்சேதம் இல்லை. உங்கள் ஊருக்குக் கப்பல் வரப்போகிறது என்றால், ஆற்றின் சரக்குப் பாதையிலிருந்து துறை எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற கேள்வியைக் கேட்க மறக்காதீர்கள். வரைபடத்தில் அழகாக இருக்கிற இடம், கயிறு அறுந்தால் ஆபத்தான இடமாக இருக்கலாம்.

அந்த ஆறு யாருடையது என்பதும் ஒரு தலைவலி. ஒஹாயோ ஆற்றில் இந்தியானா கரையிலிருந்து கிளம்பினால், கொஞ்ச தூரத்திலேயே கென்டக்கி மாநிலத்துக்குள் இருப்பீர்கள். 1792இல் வடகரையில் இருந்த தாழ்நீர்க்கோடுதான், அதாவது தண்ணீர் குறைந்திருக்கும்போது அதன் விளிம்பு நிற்கிற கோடுதான், எல்லை என்பது அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொன்ன சட்டம். கென்டக்கியில் கேசினோவுக்கு இடமில்லை. சுற்றுலாப் படகு எதிர்க்கரைவரை போய் வரலாம். ஓடிய காலத்தில் சூதாட்டக் கப்பல் கரையை ஒட்டியே ஊர்ந்தாக வேண்டியிருந்தது. இதில் என்ன ஆற்றுச் சுற்றுலா?

இவ்வளவு சொன்ன பிறகு, உருப்பட்ட ஊரே இல்லையா என்றால், இருக்கிறது. டுபியூக். அயோவாவில் மிசிசிப்பிக் கரையில், சுமார் 60,000 பேர் வாழும் நகரம். அயோவா சட்டத்தில் ஒரு புத்திசாலித்தனம் உண்டு: கேசினோ லைசென்ஸ் லாப நோக்கமற்ற உள்ளூர் அமைப்போடு சேர்ந்துதான் கிடைக்கும். டுபியூக்கில் அப்படி ஓர் அமைப்பு ஏற்கெனவே நாய்ப் பந்தய மைதானம் நடத்திக்கொண்டிருந்தது. கேசினோப் பணத்தில் ஒரு பங்கு நகரத்துக்கும், ஒரு பங்கு உள்ளூர் அறக்காரியங்களுக்கும் போனது. பழைய துறைமுகப் பகுதியைச் சீர்செய்தார்கள். 2003இல் அங்கே தேசிய மிசிசிப்பி ஆற்று அருங்காட்சியகமும் மீன்காட்சிசாலையும் திறந்தன. பள்ளிப் பிள்ளைகள் வந்து ஆற்றுமீனைப் பார்க்கிறார்கள். அந்த ஊரின் கேசினோ கப்பலோ 2008 டிசம்பரில் தண்ணீரை விட்டுக் கரையேறிக் கட்டடமாகிவிட்டது. அது போனதால் டுபியூக்கின் ஆற்றங்கரை காலியாகவில்லை. கப்பலை நம்பாமல் கரையை நம்பினார்கள்.

எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டுமென்றால் இந்தியானாவின் ரைசிங் சன். இரண்டாயிரத்துச் சொச்சம் ஜனத்தொகை. 1996இல் கப்பல் வந்தது, பக்கத்து ஒஹாயோ மாநிலத்துச் சின்சினாட்டிக்காரர்கள் வந்து பணத்தைக் கொட்டினார்கள். 2009இல் ஒஹாயோ மக்கள் வாக்களித்துக் கேசினோவை அனுமதித்தார்கள், 2013இல் சின்சினாட்டி நகரத்துக்குள்ளேயே ஒன்று திறந்தது. வீட்டுப் பக்கத்தில் மெஷின் இருக்கும்போது எவன் ஆற்றோரமாக அவ்வளவு தூரம் கார் ஓட்டுவான்? வருமானம் சரிந்தது. ஆற்றைப் பார்க்க வந்திருந்தால் தொடர்ந்து வந்திருப்பார்கள். ஆற்றை யாரும் சின்சினாட்டிக்கு எடுத்துக்கொண்டு போகவில்லை.

சரி, உங்கள் ஊர் மன்றத்தில் இந்தத் தீர்மானம் வருகிறது, நீங்கள் அதற்கு ஆதரவாகவே இருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். என்னைக் கேட்டால் பேரம் இப்படிப் பேசுவேன். தலைக்கு இவ்வளவு என்று நுழைவுக் கட்டணப் பங்கு வாங்காதீர்கள். மிசௌரியில் தலைக்கு 2 டாலர் வைத்தார்கள், பாதி ஊருக்கு. 30 வருடம் ஆகியும் அது அதே 2 டாலராக இருந்தது, விலைவாசி எங்கேயோ போய்விட்டது. வருமானத்தில் சதவீதம் கேளுங்கள். அந்தச் சதவீதத்தில் ஒரு பகுதி கரைக்கும், நடைபாதைக்கும், படித்துறைக்கும் மட்டும் என்று தீர்மானத்திலேயே எழுதுங்கள். பொதுக் கணக்கில் விழுந்தால் சம்பள பாக்கியில் கரைந்துவிடும். துறை கட்டுகிற செலவு கம்பெனியுடையது. கம்பெனி கிளம்பினால் துறை ஊருக்கே சொந்தம், கடன் இல்லாமல்.

அப்புறம், சூதாட்டமே இல்லாத ஓர் உல்லாசப் படகை அந்தப் பணத்தில் தனியாக ஓட்டச் சொல்லுங்கள். சின்னதாக இருக்கட்டும், எழுபது எண்பது பேர் உட்காரட்டும். மேல்தளம் திறந்திருக்கட்டும், குழந்தைகளையும் ஏற்றட்டும். ஆற்றைப் பார்க்க வந்தவரை அதில் ஏற்றுங்கள், மெஷினைப் பார்க்க வந்தவரை மெஷினிடம் விடுங்கள். இரண்டு பேரையும் ஒரே கப்பலில் ஏற்றினால் ஜன்னல்தான் முதலில் மூடும். கம்பெனிக்காரர் இதற்கு முகம் சுளித்தால், சுற்றுலா என்ற சொல்லைத் தீர்மானத்திலிருந்து எடுத்துவிட்டு வரி வருமானம் என்று நேராக எழுதச் சொல்லுங்கள். அதற்கு வாக்களிப்பதா இல்லையா என்று ஊர் ஜனம் முடிவு செய்யட்டும்.

மிசிசிப்பி மாநிலத்து டூனிக்கா கதையை இன்று தொடவில்லை. பருத்திக் காட்டுக்குள் தண்ணீர் விட்டுக் கேசினோ கட்டிய ஊர், அதற்குத் தனி வீடியோவே வேண்டும். அடுத்த வாரம் பார்க்கலாம்.