அல்வாவும் கேக்கும்

வணக்கம் நேயர்களே.

'மண்டையைப் போட்டுட்டார்' என்றால் செத்துப்போனார் என்று பொருள். அது நமக்குத் தெரியும். துக்க வீட்டு வாசலில் நின்று அப்படிச் சொல்லக் கூடாது என்பதும் தெரியும். முதல் விஷயத்தையாவது யாரோ சொல்லித் தந்திருப்பார்கள். இரண்டாவதை யாரும் சொல்லித் தரவில்லை, கேட்டுக் கேட்டே வந்துவிட்டது.

ஆங்கிலத்தில் 'கிக் தி பக்கெட்' என்பதும் இதே சரக்குதான். வாளியை உதைத்தார் என்றால் ஆள் போய்விட்டார். 1785-ல் ஃபிரான்சிஸ் குரோஸ் தொகுத்த கொச்சைச் சொல் அகராதியிலேயே இது இருக்கிறது. கொச்சை என்று அன்றைக்கே முத்திரை குத்தியாயிற்று. நம் பிள்ளைகள் உருப்போடும் ஆங்கில மரபுத்தொடர்ப் பட்டியலில் என்ன இருக்கிறது? 'கிக் தி பக்கெட்: இறத்தல்.' அவ்வளவுதான். அதை நம்பி ஒரு பிள்ளை இரங்கல் கடிதத்தில் எழுதிவிட்டால் அந்தப் பிள்ளையை எப்படிக் குறை சொல்வது?

ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் தொழில். இருந்தும் ஒருமுறை நானே வாங்கிக் கட்டிக்கொண்டேன். தோழி ஒருத்தி மூன்று நாள் தூங்காமல் ஒரு மொழிபெயர்ப்பை முடித்து அனுப்பியிருந்தாள். பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு, 'உனக்கென்ன, பீஸ் ஆஃப் கேக்', அதாவது ரொம்பச் சுலபம், என்றேன். போனில் சத்தமே இல்லை. பிறகு, 'சரி, வெச்சிடறேன்' என்றாள். எனக்கு உறைக்க ஒரு நாள் ஆனது. நம்மிடம் ஒரு வேலையைக் கொடுக்கும்போது 'இதெல்லாம் பீஸ் ஆஃப் கேக்' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அடுத்தவர் பாடுபட்டு முடித்த வேலையை அப்படிச் சொன்னால், அந்தப் பாட்டையே தட்டிவிட்டதாக ஆகிவிடும். தமிழில் 'உனக்கு அல்வா சாப்பிடற மாதிரி' என்று சொல்லியிருந்தாலும் அவள் முகம் அப்படித்தான் சுருங்கியிருக்கும்.

அல்வா என்றதும் இன்னொன்று. அல்வா சாப்பிடுவது சுலபம், அல்வா கொடுப்பது ஏமாற்று. கம்பி நீட்டியவன் ஓடிவிட்டான், கம்பி எண்ணுபவன் உள்ளே இருக்கிறான். ஒரு வினை மாறினால் ஆளே இடம் மாறிவிடுகிறான் பாருங்கள். ஆங்கிலத் தொடர்களும் இப்படித்தான், கை வைத்தால் உடையும். 'ஸ்பில் தி பீன்ஸ்' என்றால் ரகசியத்தைப் போட்டு உடைப்பது. பீன்ஸை எடுத்துவிட்டுப் பட்டாணியைப் போட்டால் வெறும் பட்டாணிதான் சிந்தும். 'தி பக்கெட் வாஸ் கிக்டு' என்று செயப்பாட்டு வினையாக்கினால் யாரும் சாக மாட்டார்கள், வாளிதான் உருளும்.

மழை கொட்டோ கொட்டென்று கொட்டுவதைச் சொல்லும் 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' பற்றிக் கேட்காதவர் இல்லை. கூரைமேல் படுத்திருந்த நாயும் பூனையும் மழையில் வழுக்கி விழுந்த கதை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கட்டுக்கதை, நம்பாதீர்கள். 1738-ல் வெளிவந்த ஜோனத்தன் ஸ்விஃப்ட்டின் நூலில் இந்தத் தொடர் வருகிறது, அதில் எந்தக் கூரையும் இல்லை. இன்றைக்கு இங்கிலாந்துக்காரர் மழை கொட்டினால் 'பக்கெட்டிங் டவுன்' என்பார். அங்கேயும் வாளி!

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது 'டேபிள்' என்ற ஒற்றைச் சொல். பிரிட்டனில் ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்வது என்றால் இப்போதே விவாதத்துக்கு எடுப்பது. அமெரிக்காவில் அதே சொல்லுக்கு, இப்போதைக்கு ஓரமாக எடுத்து வைப்பது என்று பொருள். ஒன்றுக்கொன்று நேர் எதிர். இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷ் படைத்தலைமையினர் அவசரமான ஓர் அறிக்கையை 'டேபிள் செய்கிறோம்' என்றார்கள். அமெரிக்கர்கள் கூடவே கூடாது என்றார்கள். வாக்குவாதம் நீண்டு, சூடாகி, கடைசியில்தான் தெரிந்தது, இரு தரப்பும் ஒரே விஷயத்துக்காகத்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள் என்று. சர்ச்சில் தன் போர் நினைவுகளில் இதை எழுதிவைத்திருக்கிறார். இரண்டு பக்கமும் தாய்மொழி ஆங்கிலம் என்பதைக் கவனியுங்கள்.

வெளிநாட்டுக்காரர்களோடு ஆன்லைன் கூட்டங்களில் உட்காரும்போது யாராவது 'லெட்ஸ் டேபிள் இட்' என்றால், நான் கூச்சப்படாமல் கேட்டுவிடுகிறேன்: 'இப்பவா, அப்புறமா?'

வணக்கம்.