மூன்று கட்டை, 4,200 ரூபாய்: பேதாபூர் போன கதை

வணக்கம் மக்களே! அகமதாபாத் மணிநகர் மாடியிலிருந்து உங்கள் துணி அச்சுப் பைத்தியம் பேசுகிறேன். என் ஆர்டர் கைக்கு வந்துவிட்டது! துணியில் அச்சுப் போடும் பேதாபூர் மரக்கட்டைகள்! இதோ, கேமராவுக்குப் பக்கத்தில் பிடிக்கிறேன், அந்த மாங்காய் டிசைனின் வால் நுனியைப் பாருங்கள். நூல் அளவுக் கோடு, ஒரு இடத்தில்கூட பிசிறு இல்லை.

பேதாபூர் தெரியாதவர்களுக்கு: குஜராத்தில் காந்திநகரை ஒட்டிய சின்ன ஊர். இந்த அச்சுக் கட்டையைச் செதுக்குவதுதான் அங்கே பல வீடுகளில் பரம்பரைத் தொழில். நான் போன வீட்டில் பெரியவர் அப்பாவிடம் கற்றவர். அவர் மகன் காந்திநகரில் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து உட்காருகிறான். ஒரு காலத்தில் இங்கே செதுக்கிய கட்டையால் அச்சடித்த சௌதாகிரி என்ற துணி கப்பலேறி சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்குப் போனது. அந்த வியாபாரம் அப்புறம் படுத்துவிட்டது. இப்போது கட்ச் பகுதியில் அஜ்ரக் என்ற அச்சுத் துணி செய்கிறவர்கள் முதல் என்னைப் போல மாடியில் அச்சடிக்கும் கோஷ்டி வரை எல்லாரும் அங்கேதான் போகிறோம்.

சரி, விலைக்கு வருகிறேன். பெரியவர் 4,500 என்றார். நான் பேசவே இல்லை. பர்ஸில் எவ்வளவு இருக்கிறது என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். நான் முறைக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, அவராகவே 4,200 என்றார்! வாயைத் திறக்காமல் 300 ரூபாய்! பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன், "இன்னும் ரெண்டு நிமிஷம் சும்மா இருந்திருந்தா நாலாயிரத்துக்கு வந்திருப்பார்" என்கிறார். அக்கா, போதும்.

போன வீடியோவில் ஒருவர் கமென்ட் போட்டிருந்தார், "லேசரில் வெட்டிய கட்டை 600 ரூபாய்க்குக் கிடைக்குதே" என்று. கிடைக்கும் சார், என்னிடமும் ஒன்று இருந்தது, நீங்களும் பார்த்தீர்கள். சாயத் தண்ணீர் பட்டுப் பட்டு ஊறி, ஓரம் உப்பி, இலை எது காம்பு எது என்று தெரியாமல் போனது. எனக்கு அது ஆகாது, அவ்வளவுதான். இந்தப் பேதாபூர் கட்டை நன்றாகக் காய்ந்த தேக்கு. முகத்தை மட்டமாகத் தேய்த்து, வெள்ளை பூசி, அதன்மேல் டிசைனை ஏற்றுகிறார்கள். அப்புறம் வில்லில் கயிறு சுற்றிய துளைப்பானால் வேண்டாத இடத்தைக் குடைந்து எடுத்துவிட்டு, சின்னச் சின்ன உளியால் தட்டுகிறார்கள். தட்டும் வேகத்தைப் பார்த்தால் நமக்குத்தான் பக் பக் என்கிறது. ஒரு அடி தப்பினால் அந்த வால் போச்சு, கட்டையே போச்சு.

அட, மூன்று கட்டை ஏன் என்று சொல்லவே இல்லையே! ஒரு டிசைன், ஆனால் நிறத்துக்கு ஒரு கட்டை. கோட்டுக்கு ரேக், பின்னணிக்கு கத், உள்ளே நிரப்ப தத்தா. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். ஆக 4,200 என்பது மூன்றுக்கும் சேர்த்து, கட்டைக்கு 1,400. இப்போது சொல்லுங்கள், அதிகமா?

இன்னொன்று, பக்கவாட்டில் ஓட்டை தெரிகிறதா? பூச்சி அரித்தது இல்லை. அமுக்கும்போது காற்று வெளியே போகத்தான் குடைந்திருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் காற்று உள்ளே சிக்கி, அச்சு திட்டுத் திட்டாக விழும்.

நேற்று பழைய வேட்டித் துண்டில் மூன்றையும் போட்டுப் பார்த்தேன். சிவப்புச் சாயம் கோட்டைத் தாண்டவே இல்லை! இந்த வேட்டி யாருடையது என்று வீட்டில் இன்னும் கேட்கவில்லை. புடவையில் போடுவது அடுத்த வாரம். கரைக்குக் கருநீலமா, காவிச் சிவப்பா, கமென்ட்டில் சொல்லுங்கள். பச்சை என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம், போட மாட்டேன்.